இடம் கிடைத்தால் போதுமா?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெற்ற ஒரு தலைமுறை சிங்கப்பூரில் மூப்படைந்துகொண்டிருக்கிறது. 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார். நாற்பது வயது மகனுக்கு இன்றும் சோறு பிசைந்து கொடுக்கும் தாய்மார்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்ற கேள்வி சிராங்கூன் சாலைக் கோயில்களிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பதில், பெரும்பாலும், ஏதாவது ஓர் இல்லத்தில் இடம் தேடுவதுதான். இடம் கிடைத்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடுகிறோம். அங்கே அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதையும் அதே கவலையோடு கேட்டாக வேண்டும்.

இந்த நாடு கைகட்டி இருந்துவிடவில்லை. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான மைண்ட்ஸ் அமைப்பு 1962இலேயே தொடங்கப்பட்டது. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்பாட்டைச் சிங்கப்பூர் 2013இல் உறுதிசெய்தது. 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்தார்கள். 2022 ஆகஸ்ட்டில் வெளியான எனேபலிங் பெருந்திட்டம் 2030, உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று எண்ணிலேயே இலக்கு வைத்தது. வேலைக்கு அளவுகோல் வைக்க முடிந்த நாட்டால், ஒருவர் படுத்துறங்கி எழும் வீட்டின் தரத்துக்கும் அளவுகோல் வைக்க முடியும். ஐநா உடன்பாட்டின் 19ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான்: எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்று மற்றவர்களைப் போலவே இவர்களும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும்.

தேர்வு என்றதும் பெரிதாக எதையோ கேட்பதாக நினைக்க வேண்டாம். காலையில் எத்தனை மணிக்கு எழுவது, தேநீரா மைலோவா, இன்றைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிடுவதா சாப்பிட்டுவிட்டுக் குளிப்பதா, இவைதான் ஒரு மனிதரை அவராக வைத்திருக்கின்றன. இருபது பேரை ஒரே மணிக்கு எழுப்பி, ஒரே மணிக்கு உணவு கொடுத்து, ஒரே மணிக்குப் படுக்க வைக்கும் இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வீடாகாது.

தமிழ்க் குடும்பத்திலிருந்து இல்லத்துக்குப் போகிறவருக்கு இன்னொரு சுமையும் சேரும். வாழ்நாள் முழுதும் தயிர்ச்சோற்றைக் கையால் சாப்பிட்டவரின் கையில் ஒரு கரண்டி திணிக்கப்படலாம். "வயிறு வலிக்குது" என்று தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் அதைப் புரிந்துகொள்ளும் ஆள் இல்லாமல் போகலாம். வலியைச் சொல்ல முடியாதவர் கத்துவார், தலையை முட்டிக்கொள்வார். அது 'நடத்தைப் பிரச்சினை' என்று பதிவாகும், மருந்து கூடும், வயிற்றுவலி அப்படியே இருக்கும். இந்த ஆபத்து கற்பனையன்று. இங்கிலாந்தில் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறிவுசார் குறைபாடுள்ள 30,000 முதல் 35,000 பெரியவர்கள் தக்க மருத்துவக் காரணம் இல்லாமலே மனநல மருந்துகளை உட்கொண்டுவந்தார்கள்.

அதே இங்கிலாந்தில் நடந்த வின்டர்போர்ன் வியூ கொடுமையை மறக்கக் கூடாது. பிரிஸ்டல் நகருக்கு அருகே, அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக இருந்த தனியார் மருத்துவமனை அது. ஒரு நோயாளிக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு வாங்கியது. அங்கே ஊழியர்கள் நோயாளிகளை அடித்ததையும் இழிவுபடுத்தியதையும் 2011 மே மாதம் பிபிசி மறைகேமராவில் படம்பிடித்துக் காட்டியது. பதினொரு ஊழியர்கள் குற்றவாளிகளாகி, ஆறு பேர் சிறை சென்றார்கள். நெஞ்சை அறுப்பது என்னவென்றால், அங்கே பணியாற்றிய மூத்த தாதி ஒருவர் முன்னரே நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் முறையிட்டிருந்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. பணமும் இருந்தது, கண்காணிக்கும் அமைப்பும் இருந்தது. உள்ளே இருப்பவர்களின் குரல் வெளியே வர ஒரு வழி மட்டும் இல்லை.

சிங்கப்பூரில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டம் 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. துன்புறுத்தலும் புறக்கணிப்பும் தெரியவரும்போது அரசு தலையிட அது வழிசெய்கிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் யாரும் அடிக்காத, யாரும் பட்டினி போடாத, அதே சமயம் யாரும் பேசாத, நாள் முழுதும் தொலைக்காட்சி முன்னே உட்கார்ந்திருக்கும் வாழ்க்கைக்கு எந்தக் குற்றச்சட்டமும் மருந்தாகாது. அதற்குத் தரக் கண்காணிப்புதான் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது. முன்னறிவிப்பு இல்லாத வருகைகள் வழக்கமாக வேண்டும். வருபவர்களில் பெற்றோர் ஒருவரும், பேசத் தெரிந்த அறிவுசார் குறைபாடுள்ளவர் ஒருவரும் இருக்க வேண்டும். அவர்கள் கோப்புகளைப் புரட்டுவதோடு நில்லாமல் குடியிருப்பவர்களோடு அவர்கள் மொழியில், தேவையானால் படம் காட்டிப் பேச வேண்டும். கண்டதை எல்லாக் குடும்பங்களும் படிக்கும்படி எளிய நடையில், தமிழிலும், வெளியிட வேண்டும். ஊழியர்கள் எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறார்கள் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். பேச்சு வராதவரின் முகச்சுளிப்புக்குப் பொருள் தெரிய மாதக்கணக்கில் ஆகும். தெரிந்துகொண்டவர் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். பராமரிப்பு ஊழியரின் சம்பளத்தை உயர்த்தாமல் தரத்தைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

பெரிய இல்லங்களுக்கு மாற்றே இல்லை என்பவர்கள் சென்னைப் பக்கம் பார்க்கட்டும். மனநோயால் பல ஆண்டுகள் காப்பகங்களில் இருந்தவர்களை, 'தி பான்யன்' அமைப்பு 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்துச் சிறுசிறு குழுக்களாக, உதவியாளர் துணையோடு வாழ வைத்துவருகிறது. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. ஆனாலும் நம்மைவிட எவ்வளவோ குறைந்த வசதியில் அங்கே அது முடிகிறது. உதவியோடு தனித்து வாழும் ஏற்பாட்டை வீவக புளோக்குகளில் நம்மாலும் பரவலாக்க முடியும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் தொண்டூழியர்களைத் திரட்டத் தெரிந்த சமூகம் இது. கோயில் நிர்வாகங்களும் தமிழ் அமைப்புகளும் ஒவ்வோர் இல்லத்திலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர் யார் யார் என்று கேட்டறிந்து, பண்டிகை நாளில் மட்டும் பலகாரப் பெட்டியோடு போய்ப் படமெடுத்துத் திரும்பாமல், வாரந்தோறும் அதே முகம் போய்ப் பேசிவர ஏற்பாடு செய்ய வேண்டும். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு அந்த வருகையாளர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதோடு, அவர்கள் சொல்லும் குறைகளுக்குக் குறித்த காலத்துக்குள் பதில் சொல்லவும் வேண்டும்.