கையிருப்புக் காற்று

நான் குடியிருப்பது துவாரகாவில். ஊரில் உறவினர்களிடம் இதைச் சொன்னால், "கடலுக்குள்ளே கிருஷ்ணர் நகரத்தைப் பார்த்தாயா?" என்று கேட்கிறார்கள். அது குஜராத் துவாரகா. என்னுடையது தில்லியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் அடுக்குமாடி துவாரகா. இங்கே கடல் கிடையாது. கோடையில் சில நாள் குழாயிலும் தண்ணீர் கிடையாது. ஆனாலும் போன மாதம் முழுவதும் தண்ணீருக்கடியில்தான் காலம் கழித்தேன். ஸ்கூபா முக்குளிப்பவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்க்கும் வேலை.

ஆரம்பத்திலேயே ஒரு சறுக்கல். 'பெயில் அவுட் சிலிண்டர்' என்று வந்தது. அகராதியை நம்பி 'ஜாமீன் சிலிண்டர்' என்று எழுதிவிட்டேன். பிறகு சிரித்துக்கொண்டே அடித்தேன். ஆபத்துக்கென்று தனியாக எடுத்துச் செல்லும் சிறிய காற்று உருளை அது. 'கையிருப்பு சிலிண்டர்' என்று மாற்றினேன்.

இரண்டாவது சறுக்கல் சிரிக்கக்கூடியதல்ல. 'காற்று தீர்ந்தால் துணைவரின் உதிரி வாய்க்கருவியை வாங்கி வாயில் கவ்விச் சுவாசிக்கவும்.' சாதாரண முகமூடிக்கான இந்த வரியை, முழு முகமூடி பற்றிய அத்தியாயத்திலும் அப்படியே ஒட்டியிருந்தேன்.

எங்கள் குடியிருப்பில் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற நாகர்கோவில்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, முகத்தை மூடின ஹெல்மெட்டோட சிக்னல்ல நிக்கிறவனுக்கு இளநீர் கொடுத்துப் பாருங்க. எங்க வச்சுக் குடிப்பான்?"

அப்போதுதான் உறைத்தது. சாதாரண முகமூடி கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும். வாய் தனி. கவ்வியிருப்பதைத் துப்பிவிட்டு வேறொன்றைக் கவ்வலாம். முழு முகமூடியோ கண், மூக்கு, வாய் மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, தலையைச் சுற்றி வார்களால் இறுக்கப்பட்டது. துணைவர் காற்றை நீட்டினாலும் வாங்கிக்கொள்ள வாய் வெளியே இல்லை. முதலில் முகமூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கண் மங்கும், மூக்கில் நீர் ஏறும். நீர் குளிர்ந்திருந்தால் முகத்தில் பட்டதும் உடல் தானாக மூச்சை இழுக்கப் பார்க்கும். உள்ளே போவது காற்றல்ல.

அப்படியானால் எதற்கு இந்த முகமூடி? அதற்கென்று சில வேலைகள் இருக்கின்றன. உள்ளே பேசலாம். அசுத்த நீர் வாயிலும் மூக்கிலும் படாது. நினைவில்லாதவரும் சுவாசிக்கலாம். 2018 ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மயக்க மருந்து கொடுத்து, முழு முகமூடி அணிவித்துத்தான் வெள்ளத்துக்குள்ளாக வெளியே கொண்டுவந்தார்கள். வாயால் கவ்வும் கருவியாக இருந்திருந்தால் மயங்கிய சிறுவன் அதை நழுவவிட்டிருப்பான். அதே குகையில் ஜூலை 6 அன்று, வழியில் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் நினைவிழந்து இறந்தார். நீருக்கடியில் அனுபவசாலிக்கும் சலுகை கிடையாது.

இது கடலோரக்காரர்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 ஜூலை 27 மாலை தில்லி பழைய ராஜேந்தர் நகரில் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த நீருக்குள் முக்குளிப்பவர்கள் இறங்கித் தேட வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அஸ்ஸாமின் உம்ராங்சோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது கடற்படை முக்குளிப்பவர்கள் இருட்டு நீருக்குள் இறங்கினார்கள். சாக்கடையும் எண்ணெயும் கலந்த நீரில் இறங்குகிறவர்களுக்குத்தான் முழு முகமூடி அதிகம் தேவை. முகமூடியை நீருக்குள் கழற்றவே கூடாதவர்களும் அவர்கள்தான். ஆகவே அவர்களது மாற்று ஏற்பாட்டைக் கரையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

நண்பர் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. அமைதியாக இருப்பவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு, செலவும் மும்மடங்கு: 60 லிட்டர். 40 நிமிடம் தாங்கும். பயந்துவிட்டால் மூச்சு இரட்டிக்கும். 120 லிட்டர், 20 நிமிடம்தான்.

இப்போது ஆபத்து வருகிறது. என்ன ஏது என்று சமாளிக்க ஒரு நிமிடம்: 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம்வரை ஏற ஏறக்குறைய இரண்டு நிமிடம்: 180. அங்கே பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க: 180. மீதி தூரம் மெதுவாக ஏற: 50. கூட்டினால் 530 லிட்டர். 200 பார் நிரப்பிய 3 லிட்டர் கையிருப்பு சிலிண்டரில் இருப்பது 600. ஒருவருக்கு மட்டுமட்டாகப் போதும்.

"அம்பது பார் மிச்சம் வச்சு மேலே வரலாம்னு நினைப்பாங்க. அது 600 லிட்டர். பெரிய சிலிண்டரை ரெண்டு பேர் பகிர்ந்தா 1,060 வேணும். எங்க போவாங்க?" என்றார். முழு முகமூடியில் இன்னொரு சங்கடமும் உண்டு. உள்ளழுத்தம் கூட்டி வைக்கும் வகையில், விளிம்பு சற்று விலகினாலும் காற்று வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும்.

அவர் சொன்ன ஏற்பாடுகள் மூன்று. ஒன்று, முகமூடிக் குழாயில் சிறு வால்வுப் பெட்டி. குமிழைத் திருப்பினால் கையிருப்பு சிலிண்டரின் காற்று அதே முகமூடிக்குள் வரும். அசுத்த நீரில் இதுதான் வழி. இரண்டு, வாய்ப்பகுதி மட்டும் தனியாகக் கழன்று வரும் முகமூடி. மூன்று, பையில் ஒரு சாதாரண முகமூடியும் தனி வாய்க்கருவியும். இது தெளிந்த நீருக்கு. அதுவும் நீச்சல் குளத்தில் பலமுறை கழற்றி மாட்டிப் பழகியவருக்கு மட்டும்.

எந்த ஏற்பாடானாலும், இறங்குமுன் துணைவர் அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இருவரும் சரிபார்க்க வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கையிருப்பைக் குடித்துக்கொண்டிருந்தால், ஆபத்து நேரத்தில் திருப்ப ஒன்றும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் தேடிப் பிடிக்கும் பழக்கமும் வேண்டும்.

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு யாரும் கடலில் குதித்துவிட வேண்டாம். கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கற்றுத் தருபவரின் கண்பார்வையில் கற்க வேண்டிய வித்தை இது.

வீடு திரும்பி அந்த வரியை அடித்தேன். 'முழு முகமூடி அணிந்திருந்தால், கையிருப்புக் காற்றுக்கு மாறும் குமிழைத் திருப்பவும். உடனே மேலேறத் தொடங்கவும்' என்று எழுதினேன். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் நண்பரைப் பார்த்து என் 'ஜாமீன்' கதையையும் சொல்லிவைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ரொம்பத் தப்பில்லை தம்பி. ஆனா தண்ணிக்குள்ள முன்ஜாமீன்தான் செல்லும்" என்றார்.