விளையாட்டை நிறுத்திய பல்கலைக்கழகம்

படிப்பு வேண்டுமானால் விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்கள் சான்று காட்டத்தக்க பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்காவில் உண்டு: சிகாகோ. அதன் கதையை முழுதும் கேட்டால் அந்தச் சான்று அவர்களுக்கே எதிராகத் திரும்பும்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை முட்டித் தள்ளி முன்னேறும் ஆட்டம். சிகாகோவில் 1892 முதல் 1932 வரை அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற ஒரே பயிற்சியாளர். 1905-ல் அவரது அணி நாட்டிலேயே முதன்மையானது என்று பெயர் பெற்றது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான புகழ்பெற்ற ஹைஸ்மன் கோப்பையை 1935-ல் முதன்முதலாகப் பெற்ற ஜே பெர்வாங்கரும் சிகாகோ மாணவரே.

நான்கே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. 1939-ல் மிச்சிகன் அணியிடம் 85–0 என்று தோற்றார்கள். அந்த டிசம்பரில், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் வற்புறுத்தலால் ஆட்டமே நிறுத்தப்பட்டது. தோல்வி மட்டும் காரணமன்று. டிக்கெட் வசூல்தான் கல்லூரி ஆட்டத்தைப் பிடித்த நோய் என்று ஹட்சின்ஸ் 1938-லேயே எழுதியிருந்தார். நுழைவுக் கட்டணத்தைப் 10 சென்ட்டாகக் குறைப்பது அவர் சொன்ன மருந்துகளுள் ஒன்று.

வெறிச்சோடிய அந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2-ல் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கினர். பிற்பாடு அவ்விடத்தில் பெரிய நூலகமே எழுந்தது. 'பார்த்தீர்களா, பந்து போனது, அறிவு வந்தது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1937-ல். அப்போது ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது!

கதை அதோடு முடியவும் இல்லை. 1963-ல் மாணவர்கள் மீண்டும் ஆடத் தொடங்கினார்கள். 1969-ல் பல்கலைக்கழக அணி திரும்பியது. இன்று அது விளையாட்டுக்கென்று உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. சந்தைக்கடை போயிற்று, ஆட்டம் பிழைத்தது.

நாம் செய்வதோ நேர்மாறு. ஒன்பதாம் வகுப்போடு பந்தையும் மட்டையையும் பரணில் ஏற்றுகிறோம். 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'வில் இடம் கிடைக்குமென்றால் மட்டும் பணம் கட்டிக் கோச்சிங்குக்கு அனுப்புகிறோம். ஹட்சின்ஸ் விரட்டியதை வைத்துக்கொண்டு, மாணவர்கள் மீட்டதை விரட்டுகிறோம்.

ஊர்விட்டு வந்த நமக்கு இதில் இழப்பு அதிகம். நம் பிள்ளைகளுக்கு இங்கே அத்தை வீடும் மாமா வீடும் அடுத்த தெருவில் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மொழியும் நட்பும் அவர்களுக்கு வாய்ப்பது விளையாடும் இடத்தில்தான். ஆகவே பெற்றோர்களே, பத்தாம் வகுப்பானாலும் மாலையில் ஒரு மணி நேரம் அவர்களை விளையாட விடுங்கள். கோப்பை எதுவும் வேண்டாம்; வியர்த்து வீடு திரும்பினால் போதும்.