பொறுமை யாருக்கு உபதேசம்?

"வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டு வராதே, சபூர் செய், பிள்ளைகளின் முகத்தைப் பார்." கணவனின் கையால் அடிபட்டு, ஜமாஅத்திடம் முறையிட வரும் பெண்ணுக்கு நம் மஹல்லாக்கள் பலவற்றில் கிடைத்து வரும் தீர்ப்பு இதுவே. அந்தத் தீர்ப்பைக்கூட அவள் நேரில் கேட்பதில்லை. நிர்வாகசபை கூடும் அறைக்குள் அவளுக்கு இடமில்லை. அவளுடைய வாப்பாவோ காக்காவோ உள்ளே போய், அவள் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லி, மீதியை வெட்கத்தால் விழுங்கிவிட்டு வருகிறார்கள். பிறகு முத்திரைத்தாளில் ஒரு சமாதானம் எழுதப்படுகிறது. இனி அடிக்கமாட்டேன் என்று கையொப்பமிட்டவன் அடுத்த மாதமே அடித்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரியும் இருப்பதில்லை. அவளோ, புகார் சொன்ன குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அதே வீட்டுக்குத் திரும்புகிறாள்.

சபூர் என்னும் சொல்லின் கண்ணியத்தை நாம் அறிவோம். நோயிலும் வறுமையிலும் மரணத்திலும் இறைவனின் நாட்டத்தை ஏற்று நிற்கும் அடியானின் நிலை அது. ஒருவன் தன் மனைவியின் கன்னத்தில் அறைவது இறைவன் அனுப்பிய நோயன்று. மனிதன் செய்யும் அநீதி. அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள் என்றும், அவனைத் தடுத்து நிறுத்துவதே அவனுக்குச் செய்யும் உதவி என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, நம் பிரமுகர்கள் தடுக்க வேண்டியவனை விட்டுவிட்டு, தடுக்க வலுவற்றவளுக்கு உபதேசம் செய்கிறார்கள். பொறுமை இவ்வளவு உயர்ந்ததெனில், கோபம் வந்தால் கையை அடக்கிக்கொள்ளும் பொறுமையை மணமகனுக்கு நிக்காஹ் மேடையிலேயே ஏன் போதிப்பதில்லை?

வீட்டு விஷயம் வெளியே வரக்கூடாது என்பது நாயகத்தின் வாசலில் செல்லுபடியாகாத வாதம். அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அடிக்காதீர்கள் என்று அவர்கள் கட்டளையிட்டதையும், பெண்கள் துணிந்துவிட்டார்கள் என்று முறையிடப்பட்டபோது அந்தத் தடை தளர்த்தப்பட்டதையும், அதன்பின் நடந்ததையும் அபூதாவூதும் இப்னு மாஜாவும் பதிவு செய்திருக்கிறார்கள். நடந்தது என்ன? எழுபது பெண்கள் நபியின் இல்லங்களைச் சூழ்ந்து தம் கணவன்மாரைப் பற்றி முறையிட்டார்கள் என்கிறது இப்னு மாஜாவின் அறிவிப்பு. எழுபது பேர்! அவர்களுள் ஒருவரையும் வீட்டு ரகசியத்தை வெளியிட்டவள் என்று நாயகம் கடிந்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. மாறாக, அந்தக் கணவர்கள் உங்களில் சிறந்தவர்கள் அல்லர் என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார்கள். கணவர் ஸாபித் (ரலி) அடித்ததில் காயமுற்ற ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) விடியற்காலைத் தொழுகை வேளையில் நாயகத்திடம் வந்து நின்றதும், அவர் மீண்டும் அந்த வீட்டுக்கு அனுப்பப்படாமல், மஹரைத் திருப்பித் தந்து பிரிய வழி செய்யப்பட்டதும் ஹதீஸ் கிதாபுகளில் உள்ளவைதாம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அவர்களுள் ஒருவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நாயகம் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். அநீதிக்குள்ளானவர் அதை நீக்க வல்லவரிடம் முறையிடுவது புறம் பேசுதல் ஆகாது என்று இமாம் நவவி (ரஹ்) தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நம் கடற்கரையூர்களின் மதரஸாக்களில் நவவியின் பெயர் ஒலிக்காத நாளுண்டா? பெயரை ஓதுகிறோம்; சொன்னதை மறைக்கிறோம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு எதிர்வாதம் செய்வோர் உளர். அவர்களுக்கு மார்க்க அறிஞர்களைக்கொண்டே மறுமொழி சொல்லலாம். மக்காவின் பேரறிஞர் அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்), கணவன் மனைவியை அடிக்கக்கூடாது, கோபம் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றே அதற்கு விளக்கம் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் தூனிஸ் நாட்டின் இப்னு ஆஷூர், கணவர்கள் வரம்புக்குள் நிற்கமாட்டார்கள் என்று ஆட்சியாளர் கண்டால் அடிப்பதையே தடை செய்து, மீறுவோரைத் தண்டிக்கலாம் என்று தம் தஃப்ஸீரில் எழுதினார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, நாயகம் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று சாட்சி சொல்கிறார்கள். தாடியில் சுன்னத்தைத் தேடும் நம்மவர் கையில் மட்டும் அதைத் தேட மறப்பது விந்தை!

அடுத்து எழும் கூக்குரல், "அரசாங்கச் சட்டம் ஷரீஅத்தில் தலையிடுகிறது" என்பது. இவ்விடத்தில் நம் வரலாற்றையே நாம் மறந்துவிட்டோம். ஆங்கிலேயர் ஆட்சியில், கொடுமை தாளாத முஸ்லிம் பெண்கள் சிலர் விவாகபந்தத்திலிருந்து விடுபட வேறு வழி காணாமல், பஞ்சாபில் மார்க்கத்தையே துறக்கும் அவலம் நேர்ந்தது. அதைக் கண்டு கலங்கிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்), ஹனஃபி மத்ஹபினராக இருந்தும், மாலிக்கி மத்ஹபின் தீர்ப்புகளைக்கொண்டு அப்பெண்களுக்கு வழிகாட்டும் நூலொன்றை எழுதினார்கள். உலமாப் பெருமக்களின் ஆதரவோடு முஹம்மத் அஹ்மத் காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். அதுவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக ரத்துச் சட்டம். நீதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற உலமாக்களின் கோரிக்கை அதில் இடம்பெறாதது அவர்களுக்கு மனக்குறையே. ஆயினும், வழக்கமாக அடிப்பதும், கை வைக்காமலேயே வாழ்வை நரகமாக்கும் நடத்தையும் ஒரு பெண் நீதிமன்றத்தில் விவாக ரத்துக் கேட்கப் போதிய காரணங்கள் என்று அச்சட்டம் அன்றே எழுதி வைத்தது. ஆலிம்களே சட்டசபையின் கதவைத் தட்டி வாங்கிய நிவாரணம் அது. அவர்களுடைய பேரர்கள் இன்று நீதிமன்றம் ஹராம் என்பதுபோல் பேசுகிறார்கள்.

2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை எத்தனை முத்தவல்லிகள் படித்திருப்பார்கள்? அது எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. தலாக்கையும் குலாவையும் அது தொடவில்லை. பிற சட்டங்களுக்குக் கூடுதலானதேயன்றி அவற்றைக் குறைப்பதன்று என்று அதன் 36ஆம் பிரிவு கூறுகிறது. அடி, பாலியல் கொடுமை, இழிசொல், பொருளாதார நெருக்கடி ஆகிய நான்கையும் அது வன்முறை என்கிறது. வளைகுடாவில் சம்பாதிப்பவன் மனைவிக்குக் காசு அனுப்பாமல், ஒரு சோப்புக்கட்டிக்கும் மாமியார் முன் கைநீட்ட வைப்பதும், அவளுடைய நகையை அவளறியாமல் விற்றுத் தின்பதும் இதில் அடங்கும். மஹரும் நகையும் பெண்ணின் தனியுடைமை என்று மார்க்கம் சொல்வதையே சட்டமும் இங்கே சொல்கிறது. தலையீடு எங்கே வந்தது?

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, கணவனோடு குடியிருந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. மாமனார் பெயரில் உள்ள வீட்டில் அவளுக்கு உரிமையில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது சரியன்று என்று 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் மாற்றித் தீர்ப்பளித்தது. இவ்வுரிமை நமக்குப் புதிதா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அவள் வீட்டில் வந்து வாழ்வது தலைமுறை வழக்கம். (அந்த வழக்கம் ஏழை வாப்பாமார்களின் முதுகை ஒடிப்பதையும் நாம் அறிவோம், அது தனிக்கட்டுரைக்கு உரியது.) நள்ளிரவில் மனைவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் துணிவு அங்கே மாப்பிள்ளைக்கு எளிதில் வருவதில்லை, வீடு அவளுடையது. உள்நாட்டு ஊர்களில் புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கோ, அந்தக் கதவுக்கு வெளியே ஒன்றுமில்லை. கடற்கரையில் வழக்கம் தந்ததை உள்நாட்டில் சட்டம் தருகிறது.

வழிமுறையும் கடினமன்று. மாவட்டச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். அவர் நிகழ்வறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். 3 நாட்களுக்குள் முதல் விசாரணை, 60 நாட்களுக்குள் முடிவு என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் மாதங்கள் ஓடுகின்றன. அலுவலருக்கு வேலைப்பளு, காவல் நிலையத்திலோ "உங்கள் ஜமாஅத்தில் பேசிக்கொள்ளுங்கள்" என்ற பதில். அரசின் இந்த மெத்தனத்தையும் நாம் மன்னிக்கவில்லை. எனினும் வழக்கு முடியுமுன்பே இடைக்கால உத்தரவு பெறலாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் பாராமல், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞரும் கிடைப்பார்.

"முஸ்லிம் ஆண்களைச் சிறைக்கு அனுப்பச் சதி" என்று அஞ்சுவோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. 2019இல் வந்த முத்தலாக் சட்டம், கணவனை 3 ஆண்டு வரை சிறையிலிட்டுவிட்டு மனைவிக்கு யார் சோறு போடுவது என்பதற்குப் பதில் சொல்லாதது. நம் கண்ணீரை அரசியல் ஆக்கியது. ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அடிக்காதே, வெளியேற்றாதே, செலவுக்குக் கொடு என்று முதலில் அது உத்தரவிடுகிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ. ஒரு தீய சட்டத்தைக் காட்டி நல்ல சட்டத்தை மறைப்பது அடிப்பவனுக்கே கேடயமாகிறது.

நாம் செய்யாததை நீதிமன்றங்கள் செய்துகொண்டிருக்கின்றன. விவாகம் முறிந்த பின்னும், முறியுமுன் நடந்த கொடுமைக்கு முஸ்லிம் பெண் இச்சட்டப்படி நிவாரணம் கேட்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயமே என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கைத் தொடுத்தவர் நம் சமுதாயத்துப் பெண்மணியாகிய பதர் சயீத். அவருக்கும் முன்பே, புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் கண்டபோது நம்மவர்கள் பொழிந்த வசை எத்தனை! ஜமாஅத்தின் அறையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் அவர்கள் தனி அறை கட்டியிருப்பார்களா?

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இது எல்லாச் சமயத்தாரும் சேர்ந்த கணக்கு. நம் வீடுகள் இதற்கு விலக்கு என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை. இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேரே. மற்றவர்கள் சபூர் செய்கிறார்கள்!

ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பவை பெரியவை அல்ல. முறையிட வரும் பெண்ணின் வாக்குமூலம், அவள் வாயாலேயே, மற்றொரு பெண்ணின் முன்னிலையில் கேட்கப்பட வேண்டும். அது தேதியிட்டு ஏட்டில் பதிவாகி, அதன் நகல் அவள் கையில் தரப்பட வேண்டும். நாளை நீதிமன்றத்தில் அது சாட்சியம். காயத்தோடு வருபவளிடம் சமாதானம் பேசுமுன் அவளை அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். திருக்குர்ஆன் சொல்லும் இரு நடுவர்கள் இரு குடும்பத்தின் பிணக்கைத் தீர்க்க வந்தவர்கள். குற்றத்தை மறைக்க வந்தவர்கள் அல்லர். ஒருமுறை எழுதிக் கொடுத்தவன் மீண்டும் கை நீட்டினால், நிர்வாகமே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது எந்தப் பொறுப்பும் சாராது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு உறுதி கூறுகிறது. வேறு மஹல்லாவிலிருந்து அவனுக்கு மறுமணம் பேசி விசாரிக்க வருவோரிடம் ஏட்டில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

தொழுகை நேரம் எழுதிய பலகையில் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் முகவரியையும் எழுத இடமுண்டு. பெண்கள் பள்ளிக்கு வராத ஊர்களில் அவர்கள் அப்பலகையைக் காணமாட்டார்கள். ஆதலால் அவ்விவரங்களை ஒரு தாளில் அச்சிட்டு, பெண்கள் மதரஸாவிலும், நிக்காஹ் தஃப்தரில் கையொப்பம் வாங்கும் நேரத்தில் மணமகளின் கையிலும் கொடுக்க வேண்டும்.