டைனாவுக்கு ஒரு கல், கரியாலூருக்கு?

பிலடெல்பியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பள்ளியில் வரலாறு நடத்தியவர் ஆயிற்றே என்று என்னை ஸ்டென்டன் என்ற பழைய வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஜேம்ஸ் லோகன் என்பவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், 1723இல் தொடங்கி 1730இல் கட்டி முடித்த செங்கல் வீடு. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் செயலாளராக 1699இல் கப்பலேறி வந்தவர் லோகன். அவர் சேர்த்த புத்தகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது பெரிய நூலகம்.

எளிமையும் சமாதானமும் குவேக்கர்களின் நெறி. ஆனால் லோகன் குடும்பத்தில் அடிமைகள் இருந்தார்கள். 1737இல், ஒன்றரை நாள் நடந்து எட்டும் தூரம் வரை நிலம் தங்களுக்கே என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, வேகமாக ஓடக்கூடியவர்களை அமர்த்தி, லெனாபே பழங்குடிகளின் பெரும் நிலப்பரப்பைப் பென் குடும்பத்துக்காக வளைத்துக்கொண்டதிலும் லோகனுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அந்த வீட்டில் அடிமையாக உழைத்த டைனா, தானே கேட்டு 1776இல் விடுதலை பெற்றார். அதன் பிறகும் அங்கேயே வேலை செய்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த 1777இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இருவர் வீட்டைக் கொளுத்த வந்து, வைக்கோல் எடுக்கக் களஞ்சியத்துக்குப் போனார்கள். அந்நேரம் பார்த்து, ஓடிப்போன சிப்பாய்களைத் தேடி ஓர் அதிகாரி வந்தார். களஞ்சியத்தில் இருக்கிறார்கள் என்று டைனா கைகாட்டினார். வீடு பிழைத்தது.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்கு வைத்த பலகை, விசுவாசமான பணியாள் என்றுதான் புகழ்ந்தது. எசமான் வீட்டுப் பார்வை அது. இப்போது அந்த வளாகத்தில் டைனாவுக்குத் தனி நினைவிடம் எழுந்திருக்கிறது. அவரை நோக்கிய கேள்விகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். எங்கே பிறந்தார், என்ன நினைத்தார் என்று எந்த ஏட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தையே கல்லில் வெட்டிவைக்கத் துணிவு வேண்டும்.

எனக்கு உடனே எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைதான் நினைவுக்கு வந்தது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என மூன்று ஜாகீர்கள், அதாவது பரம்பரை நில ஆட்சிப் பகுதிகள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. அதுவரை மலையாளி பழங்குடி மக்கள் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். சாமையும் தினையும் விளைத்தவர்களுக்கு நிலத்தின் மேல் உறுதியான பாத்தியதை கிடையாது. அன்று இளைஞராக இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

ஜாகீர்தார்களின் வம்சக் கதையைக் கேட்டால் மலையில் எவரும் சொல்வார்கள். அந்த வீடுகளுக்கு விறகு சுமந்தவர் யார், அறுவடைக்கு இழுத்துப் போகப்பட்டவர் யார் என்று கேட்டால், அந்தந்தக் குடும்பத்துக் கிழவிகள் மட்டுமே சொல்ல முடியும். டைனாவைப் பற்றி, விடுதலைப் பத்திரமும் லோகன் வீட்டு மருமகள் டெபோரா எழுதிவைத்த நினைவும் மிஞ்சின. வெட்டி வேலை செய்த நம் பாட்டிகளைப் பற்றி யாரும் பத்திரம் எழுதவில்லை. அவர்கள் வாய்ச்சொல்தான் ஆவணம். அதைப் பதிவு செய்யாமல் தள்ளிப்போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. இங்கே மாவட்ட அருங்காட்சியகம் அமைத்தால், வரலாறு ஜாகீர்தாரின் வாளிலும் பட்டாடையிலும் தொடங்கக் கூடாது. கல்லூரி மாணவர்களைக் கைப்பேசியோடு கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அனுப்புங்கள். வெட்டி வேலை செய்தவர்களின் பெயர், ஊர், செய்த வேலை, கிடைத்த கூழ் அளவு எல்லாம் அவரவர் பேச்சிலேயே பதிவாகட்டும். பதிவின் ஒரு படி மாவட்ட நூலகத்தில் இருக்க வேண்டும். இன்னொரு படி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.