பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புக் கணக்கு: எங்கள் நிலைப்பாடு

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி விளம்பரங்களில் தவறாமல் வரும் வாக்குறுதி, நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு. 200-க்கு இத்தனை என்ற கட்-ஆஃபைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து விருப்பப் பட்டியலை நிரப்பும் குடும்பங்களில் பல, அந்த எண்ணை நம்பித்தான் கல்விக் கடனுக்குக் கையெழுத்திடுகின்றன. கலந்தாய்வில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும், வெளியார் சரிபார்த்த வேலைவாய்ப்பு, இன்டர்ன்ஷிப் விவரங்களைத் துறைவாரியாக ஒரே படிவத்தில் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

பல கல்லூரிகள் விழுக்காட்டைக் கணக்கிடுவது ‘தகுதியுள்ள’ மாணவர்களை மட்டும் வைத்துத்தான். அரியர் வைத்திருப்பவர்களும் பிளேஸ்மென்ட் செல்லில் பதியாதவர்களும் அதில் வருவதே இல்லை. ஒரு துறையில் 120 பேர் சேர்ந்து, 60 பேர் தகுதி பெற்று, 54 பேருக்கு வேலை கிடைத்தால் விளம்பரத்தில் அது 90 விழுக்காடு. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 45. ஒரே மாணவர் பெற்ற மூன்று ஆஃபர்களை மூன்றாக எண்ணினால் கணக்கு இன்னும் வீங்கும். ஆஃபர் லெட்டரும் வேலையும் ஒன்றல்ல: 2022-இல் பட்டம் பெற்ற பலர், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கடிதம் கையிலிருந்தும் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்டர்ன்ஷிப்பில் நிலைமை இதைவிட மோசம். கடைசி செமஸ்டரில் உதவித்தொகையோடு ஆறு மாதம் வேலை கற்று, அங்கேயே பணியில் சேர்வதும், மாணவரே பணம் கட்டி இரண்டு வாரத்தில் சான்றிதழ் வாங்கி வருவதும் கல்லூரி ஏட்டில் ஒரே பெயரில்தான் பதிவாகின்றன. யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற ஒரு கேள்வியே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். இருக்கிறதே என்பார்கள். 2016 முதல் வரும் அந்தப் பட்டியலுக்காகக் கல்லூரிகள் தரும் தகவலில் வேலை பெற்றோர் எண்ணிக்கையும் இடைநிலை ஊதியமும் உள்ளன. அது நல்ல தொடக்கமே. ஆனால் அந்த ஊதியம் வேலை கிடைத்தவர்களுடையது மட்டும். எண்கள் கல்லூரி முழுமைக்குமானவை. சிவில் துறைக்கு என்ன, கணினித் துறைக்கு என்ன என்று அவற்றில் பிரித்தறிய முடியாது. இதைவிடத் தெளிவான முன்மாதிரிகளும் உண்டு. ஐ.ஐ.எம். அகமதாபாத் முன்னின்று வகுத்த வேலைவாய்ப்பு அறிக்கைத் தரநிலை, உறுதியான சம்பளத்தையும் செயல்திறனைப் பொறுத்துக் கிடைக்கும் தொகையையும் தனித்தனியாகக் காட்டி, தணிக்கைக்கும் உட்படுகிறது. பிரிட்டனில் பட்டம் பெற்று சுமார் 15 மாதம் கழித்து, பல்கலைக்கழகம் அல்லாத ஓர் அமைப்பு பட்டதாரிகளிடமே நேரடியாகக் கேட்கிறது. செய்ய முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் மதிக்கும் எதிர்வாதம் வேறொன்று. கிராமத்துப் பிள்ளைகளை, முதல் தலைமுறைப் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்ளும் சிறிய கல்லூரிகள் இந்த ஒப்பீட்டில் கீழே தள்ளப்படும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் சேர்க்கைக் கட்-ஆஃபையும் அதே படிவத்தில் கேட்கிறோம். 190-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரியையும் 120 எடுத்தவர்களைச் சேர்க்கும் கல்லூரியையும் எதிரெதிரே நிறுத்துவது அநீதி. 120 வாங்கியவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டால், ஓசூர், கோவைத் தொழிற்சாலைகளோடு உண்மையாகவே உறவு வைத்திருக்கும் சிறிய கல்லூரி அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். இன்று விளம்பரச் செலவு அதை மறைக்கிறது. கல்வி வேலைக்காக மட்டுமா என்று கேட்பவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை. மேற்படிப்பு, சொந்தத் தொழில், அரசுத் தேர்வுத் தயாரிப்பு எல்லாவற்றுக்கும் படிவத்தில் தனி இடம் இருக்கட்டும். தகவலே கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதும் இருக்கட்டும். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் ஏற்கெனவே வெளியிடுகிறது. இந்தப் படிவமும் அதன் பக்கத்திலேயே, விருப்பப் பட்டியல் நிரப்பத் தொடங்கும் முன்பு, மாணவர்களின் கைக்கு வரவேண்டும். பொய்க் கணக்கு கொடுத்த கல்லூரியின் பெயரும் அதே பக்கத்தில் வரவேண்டும்.