எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி? கலிபோர்னியா கல்வித் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியா மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,



ஜனவரியில் மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஃப்ரீமான்ட் வந்து இறங்கி ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை, அந்த வசந்தகாலத்திலேயே மாநிலத்தின் கணிதத் தேர்வைக் கணினி முன் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். அமெரிக்கா வந்து 12 மாதம் ஆகாத பிள்ளைகளுக்கு ஆங்கில மொழித் தேர்விலிருந்து ஒரு முறை விலக்கு உண்டு. கணிதத்துக்கு அந்த விலக்கு கிடையாது. எண்களுக்கு மொழி எதற்கு என்று யாரும் நினைக்கலாம். திரையைத் திறந்தால் பத்தி பத்தியாக ஆங்கிலம்தான்.

தங்கள் மாநிலத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 10 இலட்சம் பேர். அமெரிக்கா முழுவதற்கும் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 50 இலட்சம். ஆக, ஐந்தில் ஒரு பிள்ளை தங்கள் பொறுப்பில் இருக்கிறது. தேர்வின்போது இவர்களுக்குச் சொல்விளக்கம், மொழிபெயர்ப்பு, கேள்வியை வாசித்துக் காட்டும் குரல், தனி அறை என்று பல வசதிகள் உண்டு. பட்டியலில் பெரிய குறையில்லை. அதிலிருந்து யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இந்த மடல் அதற்காக எழுதப்படுகிறது.

கணிதத்துக்குள் மொழி எவ்வளவு புதைந்து கிடக்கிறது என்பதைக் காட்டியவர்களில் முக்கியமானவர் தங்கள் மாநிலத்திலேயே பணியாற்றிய ஜமால் அபேடி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலும் பின்னர் டேவிஸ் வளாகத்திலும் இருந்தவர். ‘நேப்’ எனப்படும் தேசிய அளவிலான தேர்வின் எட்டாம் வகுப்புக் கணிதக் கேள்விகளை எடுத்து, கணக்கைத் தொடாமல் வாக்கியத்தை மட்டும் அவரும் உடன் ஆய்வாளர்களும் எளிமையாக்கினார்கள். ஒரு குறிப்பிட்ட ஆதாரக் கோப்பில் தோராயமாக ஆறு பில்லியன் தகவல்கள் உள்ளன, அது ஏறத்தாழ எத்தனை மில்லியன் என்று கேட்டது மூலக் கேள்வி. மாக் என்பவரின் நிறுவனம் ஆறு பில்லியன் ஹாம்பர்கர் விற்றது, அது எத்தனை மில்லியன் என்று கேட்டது மாற்றிய கேள்வி. கணக்கு அதேதான். ஆதாரக் கோப்பு என்றால் என்ன என்று யோசித்துத் தடுக்கி விழும் இடம் மட்டும் போய்விட்டது. இப்படி மாற்றியபோது ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் கூடுதலாகப் பயனடைந்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அப்படியே. ஆனால் ஆறு பில்லியனை 600 கோடி என்று எண்ணிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு, வாக்கியம் எளிமையான பிறகும் வேறொரு முடிச்சு மிச்சமிருக்கும். அந்த முடிச்சு வகுப்பில் அவனோடு உட்கார்ந்து பார்த்த ஆசிரியருக்குத்தான் தெரியும்.

சட்டம் இந்த விஷயத்தில் தங்கள் மாநிலத்துக்குக் கடன்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள் தொடுத்த ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில் 1974 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகள் எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மொழி புரியாதவனுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகிவிடாது என்று, 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் அடிப்படையில் நீதிமன்றம் சொன்னது. 2015 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட கூட்டாட்சிக் கல்விச் சட்டம், இந்த மாணவர்களுக்குத் தேர்வில் ‘தகுந்த’ வசதிகள் தர வேண்டும் என்கிறது. எது தகுந்தது என்று அது வரையறுக்கவில்லை.

நீதிமன்றமும் வரையறுக்காது. கோச்செல்லா பள்ளத்தாக்குப் பள்ளி மாவட்டமும் வேறு சில மாவட்டங்களும் சேர்ந்து, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே சோதிப்பது முறையல்ல என்று மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தன. தேர்வு எந்த மொழியில், எந்த வசதியோடு என்பதை முடிவு செய்யும் பொறுப்பு கல்வி நிர்வாகத்துடையது, அதில் நீதிமன்றம் தன் கருத்தைத் திணிக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் கைவிரித்துவிட்டது. ஆகவே இந்தக் கோரிக்கையை வேறு யாரிடமும் கொண்டுபோக வழியில்லை.

இன்றைய நடைமுறையைப் பார்ப்போம். மேலே சொன்ன மாநிலத் தேர்வான ‘ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு’ தேர்வுக்கு நேர வரம்பு இல்லை. அது நல்ல ஏற்பாடு. கணிதத்தில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு மேலேயும் ஆங்கிலம் கீழேயுமாகக் காட்டும் வசதி உண்டு. சில சொற்களைச் சுற்றி மெல்லிய புள்ளிக்கோடு தெரியும். சொடுக்கினால் பிள்ளையின் மொழியில் பொருள் வரும். அரபு, கான்டனீஸ், மாண்டரின், கொரியன், பஞ்சாபி, ரஷ்யன், வியட்நாமியம் எனப் பல மொழிகளில் இது கிடைக்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. கணிதக் கலைச்சொற்களுக்கு விளக்கம் தர மாட்டார்கள், அவற்றைத்தான் தேர்வு சோதிக்கிறது என்பதால். அதுவும் நியாயமே.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தேர்வு அறையில் பிள்ளை கேட்டுப் பெறுபவை அல்ல. முன்கூட்டியே ‘டாம்ஸ்’ என்ற மாநிலக் கணினி அமைப்பில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் பதிவாக வேண்டும். விவரம் அறிந்த ஓர் ஆசிரியரோ ஆசிரியர் குழுவோ முடிவு செய்தால் போதும். நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே அட்டவணையில் நிரப்பி ஒரே சொடுக்கில் ஏற்றிவிடவும் முடியும். வேலைப்பளு மிகுந்த பள்ளியில், வீட்டு மொழி ஸ்பானிஷ் என்று பதிவான அத்தனை பேருக்கும் ஸ்பானிஷ் வசதியைத் திறந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க இந்த ஏற்பாடு இடம் கொடுக்கிறது. எல்லாருக்கும் கொடுத்தாயிற்று என்று கணக்கில் காட்டலாம். பிள்ளைக்கு அது பயன்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

பொருந்தாத உதவி என்ன செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ரெபெக்கா கோப்ரிவாவும் சக ஆய்வாளர்களும் தென் கரோலினாவில் மூன்றாம், நான்காம் வகுப்பில் ஆங்கிலம் கற்கும் 272 மாணவர்களைக் கணிதத் தேர்வு எழுதவைத்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தன் தேவைக்குப் பொருந்திய உதவியைப் பெற்ற பிள்ளைகள் தெளிவாகக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். அரைகுறையாகவோ பொருந்தாமலோ உதவி பெற்றவர்களின் மதிப்பெண், எந்த உதவியும் பெறாதவர்களின் மதிப்பெண்ணிலிருந்து வேறுபடவே இல்லை. நிர்வாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இன்னும் பழைய சான்று தங்கள் மாநிலத்தின் தெற்குப் பகுதியிலிருந்தே வருகிறது. 1990களின் இறுதியில் அபேடி குழு எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், கணிதத்தை ஆங்கிலத்தில் படித்த ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள் ஸ்பானிஷ் வினாத்தாளில் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். அவர்களுக்கு ஆங்கில வினாத்தாளே கைகொடுத்தது. ஸ்பானிஷில் கணிதம் படித்தவர்களுக்குத்தான் ஸ்பானிஷ் உதவியது. வீட்டில் பேசும் மொழி ஒன்று, கணக்குப் படித்த மொழி இன்னொன்று என்பது புலம்பெயர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த சங்கதி.

தமிழ்க் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பின்னம், பரப்பளவு, சுற்றளவு எல்லாம் அத்துப்படி. அவனுக்குத் தமிழ்ச் சொல்விளக்கம் இருந்தால் கதவு திறந்த மாதிரி. ஃப்ரீமான்டிலேயே பிறந்து, வீட்டில் பாட்டியோடு தமிழ் பேசி, தமிழ் எழுத்தே வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதே சொல்விளக்கம் வெறும் கோலம். இருவரின் பதிவிலும் வீட்டு மொழி தமிழ் என்றுதான் இருக்கும். சென்னையில் ஆங்கில வழியில் படித்து வந்த மூன்றாவது பிள்ளை ஆங்கிலத்தை நன்றாக வாசிப்பான். அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டால் விழிப்பான். அவனுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டும் குரல் இடைஞ்சல்தான். அவனுக்கு அடி, அங்குலம், பவுண்டு பழக்கமில்லை என்பதை வகுப்பாசிரியர் முன்பே கவனித்திருந்தால், அதுவே பெரிய உதவி.

ஆக்ஸ்நார்டு பக்கம் நிலைமை இன்னும் கடுமை. பழத்தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் வேலை செய்யும் மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதிக் குடும்பங்களில் பலர் வீட்டில் பேசுவது மிஸ்டெக் மொழி. பெரும்பாலும் பேச்சில் மட்டும் வாழும் மொழி. மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தப் பிள்ளைகளை ஸ்பானிஷ் என்று பதிந்துவிட்டால், திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அந்நிய மொழிகள் வந்து நிற்கும்.

இங்கேயே பிறந்து, ஆங்கிலம் சரளமாகப் பேசி, ஆறு ஆண்டுக்கு மேலாகியும் ‘ஆங்கிலம் கற்பவர்’ பட்டியலிலேயே நிற்கும் பதின்வயதினரும் ஏராளம். பாடநூல் ஆங்கிலம்தான் அவர்களுக்கு இடறுகிறது. வேற்றுமொழிச் சொற்களால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் சொல்விளக்கம் உதவும். 2009இல் கீஃபர், லெசோ, ரிவேரா, பிரான்சிஸ் ஆகியோர் முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஏழு வகை உதவிகளை அலசினார்கள். உறுதியாகப் பயன் தந்தது ஆங்கில அகராதியும் ஆங்கிலச் சொல்விளக்கமும் மட்டுமே. அந்தப் பயனும் சிறியதே.

தேர்ந்தெடுக்கத் தேவையான தகவல் பள்ளிகளின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இந்த மாணவர்களின் ஆங்கிலத் திறனை அளக்க ஆண்டுதோறும் நடக்கும் ‘எல்பாக்’ தேர்வு, கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கையும் தனித்தனியே அளந்து கொடுக்கிறது. வாசிப்பில் பின்தங்கி, கேட்டலில் தேறியவனுக்குக் குரல் உதவும். தலைகீழாக இருப்பவனுக்குக் கூடாது. பயிற்சித் தேர்வுகள் இணையத்தில் யாரும் திறந்து பார்க்கும்படி கிடக்கின்றன. ஒரு பிள்ளையைச் சில வாரம் அதில் பழகவிட்டால், புள்ளிக்கோடு போட்ட சொல்லை அது சொடுக்குகிறதா, சொடுக்கியபின் முகம் தெளிகிறதா, தலையைச் சொறிகிறதா என்று ஆசிரியர் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆசிரியர்களுக்கு இதற்கு நேரமில்லை என்பது உண்மைதான். அந்த நேரத்தை ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் கடமை.

ஆகவே தங்களிடம் கேட்பவை இவை. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற பதிவோடு நிற்காமல், பிள்ளை எந்த மொழியில் கணக்குப் படித்தது, அந்த மொழியை வாசிக்கத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு பள்ளியும் கேட்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், கணித ஆசிரியர், பெற்றோர், நான்காம் வகுப்புக்கு மேல் என்றால் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்ததற்கு எழுத்துப் பதிவு இல்லாமல் எந்த வசதியும் ‘டாம்ஸில்’ ஏறக் கூடாது. வகுப்பில் பழகிப் பார்க்காத எதையும் தேர்வு நாளில் முதல்முறையாகத் திறக்கக் கூடாது. எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு எந்த உதவி தரப்பட்டது, அதில் எத்தனை பேர் உண்மையில் பயன்படுத்தினார்கள் என்ற விவரம் மதிப்பெண்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். சொடுக்குவது அத்தனையும் கணினியில் நடப்பதால், இதைத் திரட்டுவது இயலாத காரியமில்லை.

பட்டியலில் இல்லாத மொழி பேசும் பிள்ளைகளை, உங்கள் மொழிக்கு எதுவுமில்லை என்று கைவிடவும் கூடாது. தமிழோ மிஸ்டெக்கோ, அவர்களுக்கும் ஆங்கிலச் சொல்விளக்கம், குரல், தனி அறை ஆகியவற்றில் எது பொருந்தும் என்று அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

புதிய கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்கிவிடும். இதற்கான சுற்றறிக்கை, முதல் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்கு முன்பே பள்ளிகளுக்குப் போய்ச் சேரத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் நலம் விரும்பும் ஒரு தமிழ் எழுத்தாளர்