கோபிநத்தத்துக்கு சைக்கிள் பாதை வேண்டுமா?

நெதர்லாந்துக்கு வந்து சேரும் நம்மாட்களுக்கு முதல் மாசம் ஒரு பழைய சைக்கிள் வந்துவிடும். ஆறாவது மாசம் ஒரு ஏக்கமும் வந்துவிடும். "நம்ம ஊர்ல மட்டும் இப்படி ஒரு பாதை போட்டிருந்தா..." எய்ந்தோவனில் பொங்கலுக்குப் பத்து குடும்பம் கூடினால் நாலு பேராவது இதைச் சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்காருவார்கள்.

சொல்வதில் தப்பில்லை. இங்கே இருக்கும் சௌகரியம் அப்படி. ஹெல்மாண்ட் வழியாகப் போகும் சைட்-வில்லம்ஸ் கால்வாயை 1822-ல் வெட்ட ஆரம்பித்து 1826-ல் முடித்தார்கள். சரக்குப் படகுக்காக வெட்டியது. இன்றைக்கு அதன் கரையில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள். வழி கேட்க வேண்டியதே இல்லை. சந்திப்புக்கு சந்திப்பு ஒரு எண், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். அந்த ஏற்பாடு 1995-ல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பக்கம் ஆரம்பித்தது. அப்படியே போனால் பெல்ஜியமும் வந்துவிடும், வந்தது நமக்கே தெரியாது. (மலை மட்டும் கேட்காதீங்க. வால்ஸ் என்ற ஊரில் 322 மீட்டரில் ஒரு மேடு இருக்கிறது, அதற்கு மலை என்று பெயர். சேலத்துக்காரன் சிரிக்காமல் என்ன செய்வான்?)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மேட்டூர்ப் பக்கம். அதனால் இந்தப் பேச்சு எடுத்தாலே ஒரு வழிதான் ஞாபகம் வரும். மேட்டூரில் கிளம்பி கொளத்தூர், காவேரிபுரம், கோவிந்தபாடி, பாலாறு செக்போஸ்ட். பாலம் தாண்டினால் கர்நாடகா. ஒரு ரோடு மாதேஸ்வரன் மலைக்கு ஏறும், இன்னொன்று காட்டுக்குள் கோபிநத்தம் போகும். கால்வாய், மலை, காடு, எல்லை... நாலும் ஒரே வட்டாரத்தில். கோபிநத்தத்தில் பெயர்ப்பலகை கன்னடம், பேச்சு தமிழ். முன்பு மைசூர் மாவட்டம். 1997-ல் சாமராஜநகரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அதற்குள் போய்விட்டது.

இந்த வழியைப் பற்றி நண்பர்களிடம் சொன்னால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "வீரப்பன் ஊர்தானே? அவன் வீட்டைக் காட்டுவாங்களா?" என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் கரைக்கு சைக்கிள் பாதை கேட்போம், தாராளமாகக் கேட்போம். பாலாறு தாண்டிக் கேட்க வேண்டாம். அங்கே போகலாம், போகவும் வேண்டும். ஆனால் வீரப்பன் டிரிப் என்று பெயர் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஏன் என்றால், அந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவும் யாரோ ஒருவர் வீட்டு இழவு. 1991 நவம்பர் 10-ல் வன அதிகாரி ஸ்ரீனிவாஸைக் கொன்றார்கள். கோபிநத்தத்து ஜனங்களோடு நெருங்கிப் பழகி, மாரியம்மன் கோயில் எழும்ப உதவி, சண்டை வேண்டாம் என்று சொன்ன மனுஷன். சரணடைகிறேன் என்று ஆசை காட்டி வரவழைத்துத்தான் கொன்றார்கள். அரசு அவருக்கு கீர்த்தி சக்ரா கொடுத்தது. ஊர் இன்றும் அவரை மரியாதையோடுதான் பேசுகிறது. 1993 ஏப்ரல் 9-ல் பாலாறு பக்கம் கண்ணிவெடி, 22 பேர் போனார்கள். போலீஸ்காரர்கள், வனக்காவலர்கள், கூடப் போன ஊர்க்காரர்கள்.

அதோடு முடிந்ததா? அதிரடிப்படையும் வந்தது. வீரப்பனுக்கு அரிசி கொடுத்தாய், தகவல் கொடுத்தாய் என்று இரண்டு மாநிலத்து மலைக்கிராமங்களிலும் ஆட்களைப் பிடித்தார்கள். நூற்றுக்கும் மேல் தடாவில் உள்ளே போனார்கள். வருஷக்கணக்கில் மைசூர் சிறையில் இருந்துவிட்டு, பெரும்பாலானவர்கள் 2001-ல் விடுதலை ஆனார்கள். சித்திரவதைப் புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. கணக்குப் போட்டால் ஆளுக்கு மூன்று லட்சம் சொச்சம்.

அந்த 89 பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? மீசைக்காரன் பெயர் மட்டும் லண்டனிலும் தெரியும். 2023-ல் மட்டும் அவனைப் பற்றி இரண்டு ஓடிடி தொடர்கள் வந்தன. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் அங்கே முகாம் போட்டபோது வைத்த பெயர் 'மிஸ்டரி டிரெயில்ஸ்'. இதில் என்னங்க மிஸ்டரி? எல்லாம் கோர்ட்டிலும் கமிஷன் ஃபைலிலும் எழுதி வைத்திருக்கிறது.

நாம் சைக்கிள் மிதிக்கும் இந்த நெதர்லாந்து - பெல்ஜியம் எல்லையும் ஒரு காலத்தில் சும்மா இருந்ததில்லை. 1915-ல் ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தைப் பிடித்து வைத்திருந்தபோது, இந்த எல்லை நெடுக 2000 வோல்ட் மின்கம்பி கட்டினார்கள். தாண்டப் பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் கருகிச் செத்தார்கள். இப்போது சைக்கிள் பாதை ஓரத்தில் சில இடங்களில் அந்த வேலியை மாதிரிக்குக் கொஞ்சம் கட்டி, பக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றித்தான் பலகை பேசுகிறது. கம்பி கட்டிய ஜெர்மன் அதிகாரி பெயரில் யாரும் டூர் நடத்தவில்லை. பாலாறு பாலத்தருகே அப்படி ஒரு பலகை தமிழிலும் கன்னடத்திலும் வந்தால், அதற்கு நானும் பணம் கொடுப்பேன். வனக்காவலர் பெயரும் இருக்கட்டும், தடாவில் போன கிழவர் பெயரும் இருக்கட்டும்.

எல்லை அங்கே இன்னும் ஆறவில்லை என்பதும் உண்மை. 2023 பிப்ரவரியில் கர்நாடக வனத்துறையினர் சுட்டதற்கு அப்புறம், கோவிந்தபாடிக்காரர் ஒருவரின் உடல் பாலாற்றில் கிடைத்தது. மான் வேட்டை என்று அவர்கள் சொன்னார்கள், மீன் பிடிக்கப் போனவர் என்று ஊர் சொன்னது. சில நாட்கள் பாலாறு வழியாக பஸ்ஸே ஓடவில்லை. நம் பிள்ளைகளுக்கு எல்லை என்றால் ஒரு நீலப் பலகை. அங்கே உள்ள பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

இன்னொரு ஆள் இருக்கிறார், அவரை மறந்துவிட்டுப் பேசுகிறோம். யானை! கோபிநத்தத்தைச் சுற்றி இருப்பது காவிரி வனவிலங்கு சரணாலயம் (1987). ஒட்டினாற்போல் மாதேஸ்வரன் மலை சரணாலயம் (2013). ஆற்றுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம் என்று 686 சதுர கிலோமீட்டரை அறிவித்தது. எல்லாம் ஒரே காடு. யானைக்கு செக்போஸ்ட் கிடையாது. அதற்குள் தனியாக ஒரு பாதை போட்டு, எண் நட்டு, விளக்கு வைத்து, நாலு காபிக்கடை திறந்து... வேண்டாங்க. இருக்கிற ரோடு போதும். நல்ல வெளிச்சத்தில் போய், சாயந்திரத்துக்கு முன்னாடி வெளியே வந்துவிட வேண்டும். செக்போஸ்ட்காரர் இன்றைக்கு சைக்கிள் வேண்டாம் என்றால் பஸ் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கோபிநத்தத்தில் போய் என்ன செய்வது? மாரியம்மன் கோயிலில் கொஞ்சம் நில்லுங்கள், டீ குடியுங்கள், ஊர் அணையைப் பாருங்கள். பெரியவர்கள் தாங்களாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகக் கேமராவை நீட்டி "அவர் எப்படிங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். முப்பது வருஷமாக அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு சலித்திருப்பார்கள்.

பாதை கேட்க வேண்டிய இடம் மேட்டூருக்குக் கீழே இருக்கிறது. கிழக்கு - மேற்கு கரை வாய்க்கால், 1955-லிருந்து ஓடுகிறது. சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 45,000 ஏக்கருக்குத் தண்ணீர். கரை நெடுக தென்னை, வாழை, வயல். ஏற்றம் இறக்கம் இல்லை, யானை இல்லை. கிழக்குக் கரைப் பக்கம் பூலாம்பட்டி வரைக்கும் மிதித்துவிட்டு, விசைப்படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு காவிரியைத் தாண்டி நெருஞ்சிப்பேட்டையில் இறங்கலாம், மேற்குக் கரையோடு திரும்பலாம். எட்டு வயசுப் பிள்ளையையும் கூட்டிப் போகலாம். டச்சுக்காரன் பார்த்தால் கண்ணு வைப்பான் :-) நீர்வளத்துறையிடம் கேட்க வேண்டியது தார் ரோடுகூட இல்லை. கரையில் குழி மூடி, முள் வெட்டி, மதகுப் பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி. பள்ளிக்கூடம் போகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் உதவும், வருஷத்துக்கு மூன்று வாரம் வரும் நமக்கு அப்புறம்தான்.

போவதென்றால் ஆகஸ்டில் போங்கள், இங்கே பள்ளி லீவும் அப்போதுதான். வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்டில் தண்ணீர் விட்டு டிசம்பர் நடுவில் நிறுத்திவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குப் போனால் வெறும் சேறுதான். பஞ்சர் ஒட்டுகிற சாமானை மறக்க வேண்டாம், கரையெல்லாம் கருவேல முள்.